புரொஸ்டேட் வீக்கம்: குளிசையா, ஒப்பரேசனா? திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

இரவில் மூன்று நான்கு தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. சலம் வரும்வரை நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. முடிந்தது என்று நகர்ந்தால் சாரம் நனைகிறது. ஐம்பது தாண்டிய ஆணுக்கு இப்படி இருந்தால், சலப்பையின் வாயைச் சுற்றியிருக்கும் புரொஸ்டேட் சுரப்பி பெருத்துக் குழாயை நெருக்குவதுதான் பெரும்பாலும் காரணம். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே வயதில் வரக்கூடும் என்பதால் பரிசோதிக்காமல் விடக்கூடாது.

"வயசு போனால் இப்படித்தான்" என்று முழுதாக அடைக்கும்வரை விடுபவர்கள் ஒரு பக்கம். முதல் வாரமே காணியை ஈடு வைத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடுபவர்கள் மறுபக்கம். கீழே உள்ள வரிசையில் போனால் காசும் மிஞ்சும், சலப்பையும் மிஞ்சும்.

1. காத்திருக்கக் கூடாத நிலைகள்

சலம் ஒரு துளியும் போகாமல் அடிவயிறு வீங்கி வலித்தால், அது அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அவசரம். வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கட்டி கட்டியாக இரத்தம் ஆகியவற்றுக்கும் இதே விதி. அடைத்த நிலையில் "தண்ணி குடிச்சால் தள்ளும்" என்று குடிக்க வைக்காதீர்கள், வலி கூடுவது மட்டுமே மிச்சம்.

கதீட்டர் (சலத்தை வெளியேற்றச் சலப்பைக்குள் விடும் குழாய்) போட்டதும் எத்தனை மி.லீ. சலம் வந்தது என்று தாதியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பார்க்கும் ஒவ்வொரு வைத்தியரும் கேட்கும் முதல் எண் அது. வழமையாகச் சலப்பை வாயின் தசையைத் தளர்த்தும் அல்பா தடுப்பான் குளிசை தொடங்கி, சில நாளில் கதீட்டரைக் கழற்றி, தானாகப் போகிறதா என்று பார்ப்பார்கள். கதீட்டரோடு வீட்டுக்கு அனுப்பினால், எந்தத் திகதியில் எந்தக் கிளினிக்குக்கு வந்து கழற்ற வேண்டும் என்பது துண்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திகதி இல்லாமல் வீடு போனவர்கள் மாதக்கணக்கில் குழாயோடு திரிகிறார்கள். சாதாரண லேட்டக்ஸ் குழாயை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும், சிலிக்கோன் குழாய் 12 வாரம்வரை தாங்கும். சலம் சேரும் பை எப்போதும் சலப்பையை விடக் கீழே தொங்க வேண்டும். ஆட்டோவில் ஏறும்போது பையை மடியில் வைத்தால் சலம் திரும்பி ஏறும்.

வலியே இல்லாமல் வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. வயதான ஆண் திடீரென்று தூக்கத்தில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் பலர் அதை மறதி நோய் என்று எண்ணி விடுகிறார்கள். சலப்பை எப்போதும் நிரம்பியே இருந்து வழிகிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அந்த அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெட்கப்படாமல் அந்த வாரமே காட்டுங்கள்.

2. கிளினிக் போகுமுன் மூன்று நாள் கணக்கு

சமையலறையில் இருக்கும் அளவு குறித்த பிளாஸ்டிக் ஜக் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். தொடர்ந்து மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நேரம், அளவு, குடித்தது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். படுக்கப் போனபிறகு கழித்ததற்கு அடியில் கோடு போடுங்கள். காலையில் எழும்பியதும் கழிப்பதும் இரவுக் கணக்கில்தான் சேரும்.

ஒரு நாளில் போன முழுச் சலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போயிருந்தால், எழும்புவதற்குக் காரணம் புரொஸ்டேட் மட்டும் அல்ல. கால் வீக்கம், இதய நோய், குறட்டையோடு மூச்சு நிற்பது, இரவு எட்டு மணிக்குப் பிறகு தேநீர் குடிப்பது என்று வேறு காரணம் தேட வேண்டும். நீரிழிவுக்காரர் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் குளிசை எடுத்தால் சலம் கூடும், ஏனென்றால் அவை சீனியைச் சலத்தில் தள்ளுகின்றன. இந்தக் கணக்கு இல்லாமல் ஒப்பரேசன் செய்துகொண்டு, பிறகும் அதே தடவை எழும்பிக் கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் உழைப்பு அதைத் தடுக்கும்.

கிளினிக்கில், சலத் தொல்லை எவ்வளவு என்று அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் தருவார்கள், இல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 35. ஏழு வரை இலேசு, 8 முதல் 19 நடுத்தரம், 20 முதல் கடுமை. எட்டாவதாக, "இப்படியே மிச்சக் காலம் இருக்க வேண்டுமென்றால் எப்படி உணர்வீர்கள்" என்ற கேள்வி வரும். சங்கடத்தில் "பரவாயில்லை" என்று எழுதாதீர்கள். சிகிச்சை முடிவில் அந்தப் பதிலுக்குப் பெரிய எடை உண்டு.

3. எந்தக் கதவு, என்ன கடதாசி

மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ ஓபிடியில் காட்டி, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். கிளினிக் நாளை கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வீண் பயணம் தவிரும். தேவைப்பட்டால் அங்கிருந்து மட்டக்களப்பு, அநுராதபுரம், கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அவசரப்பட்டு ஒரு யூரோலஜிஸ்டை (சிறுநீர்த் தொகுதி நிபுணரை) தனியாரில் சனல் செய்து பார்த்தாலும், அவர் எழுதிக்கொடுக்கும் கடிதத்தோடு அரச கிளினிக்கில் சேர்ந்துகொள்ளலாம். ஒன்றைத் தொட்டதால் மற்றக் கதவு மூடாது.

எடுத்துப்போக வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, முன்பு வாட்டில் நின்றிருந்தால் அந்த டயக்னோசிஸ் கார்ட், மூன்று நாள் கணக்கு, இப்போது குடிக்கும் எல்லா மருந்தின் பெட்டிகள். பெட்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தடிமனுக்கு வாங்கிய குளோர்பெனிரமின், சூடோஎபட்ரின் சேர்ந்த குளிசை, நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எல்லாம் சலத்தை அடைக்கக்கூடியவை. வாடைக்காலத்தில் தடிமன் குளிசை குடித்த இரவில் அடைத்துக்கொண்டு வருபவர்கள் அதை மருந்தாகவே எண்ணாததால் வைத்தியரிடம் சொல்வதில்லை.

கண்டி, கொழும்புக்குப் போவதானால் வருத்தம் தொடங்கிய மாதம், குடித்த மருந்து, பரிசோதனை எண்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள். மூலப் பிரதியைக் கையை விட்டுக் கொடுக்காமல் போட்டோகொப்பியைக் கொடுங்கள்.

4. பரிசோதனைகளும் அவற்றில் இருக்கும் பொறிகளும்

சலப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், இரத்தச் சீனி, ஸ்கான், பிஎஸ்ஏ (புரொஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதத்தை இரத்தத்தில் அளப்பது), ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் பார்ப்பது. இவைதான் அடிப்படை. விரல் பரிசோதனை அரை நிமிடம்கூட ஆகாது. சுரப்பி கல்லுப்போல் இருக்கிறதா, முடிச்சு இருக்கிறதா என்று ஸ்கானை விட விரலுக்குத் தெளிவாகத் தெரியும், மறுக்காதீர்கள்.

ஸ்கான் எடுக்கும் இடத்தில் ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொல்லி இரண்டு மணித்தியாலம் உட்கார வைப்பார்கள். சலப்பை அளவுக்கு மீறி விரிந்தபின் கழித்தால் ஆரோக்கியமானவருக்கும் முழுதாக வெளியேறாது. அந்த மிச்சச் சலத்தை அளந்து "தேக்கம்" என்று எழுதிவிடுவார்கள். சாதாரணமாக முட்டும் அளவுக்கு வந்ததும் படம் எடுக்கக் கேளுங்கள். கழித்த உடனே, பத்து நிமிடத்துக்குள், இரண்டாவது படம் எடுக்க வேண்டும். மிச்சம் கூடவென்று வந்தால், இன்னொரு தடவை கழித்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

அறிக்கையில் சுரப்பியின் அளவு மி.லீ. கணக்கில் இல்லாமல் மூன்று நீளங்கள் மட்டும் இருந்தால் நீங்களே கணக்கிடலாம். மூன்றையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்குங்கள். 5 × 4 × 4 செ.மீ. என்றால் ஏறத்தாழ 42 மி.லீ. இளம் வயதில் இது 20 மி.லீ. அளவில் இருக்கும்.

பிஎஸ்ஏ பார்க்க அவசரப்படாதீர்கள். சலத்தில் கிருமி இருந்தாலோ, அடைத்துக் கதீட்டர் போட்டிருந்தாலோ எண் பொய்யாக ஏறும். கிருமித் தொற்று மாறி ஆறு வாரம் விடுங்கள். பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் உடலுறவும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். கூடின எண் வந்தால் அதுவே புற்றுநோய்த் தீர்ப்பு ஆகாது, அதைப் பார்த்த உடனே பயந்து பெரிய பரிசோதனைகளுக்குக் காசைக் கட்டவும் தேவையில்லை. மறுபடி பார்த்தபின் அடுத்த படியை வைத்தியர் சொல்வார்.

சலத்தின் வேகம் பார்க்கும் யூரோஃப்ளோ இருக்கும் இடத்தில் 150 மி.லீ.க்குக் குறையாமல் கழித்தால்தான் முடிவு செல்லுபடியாகும். உச்ச வேகம் நொடிக்கு 10 மி.லீ.க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்க வாய்ப்புக் கூட. 15க்கு மேல் என்றால் வேறு காரணமும் தேட வேண்டும்.

5. மருந்து: எது, எவ்வளவு காலம்

ஏழு கேள்வித் தாளில் புள்ளி இலேசு, மிச்சச் சலம் குறைவு, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். மாலைக்குப் பிறகு தேநீர், கோப்பியை நிறுத்துங்கள். ஆனால் பகலில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையோடு தண்ணீரையும் குறைத்தால் சலம் தடித்து எரிவும் கல்லும் வரும். கழித்தபின் சொட்டுவதற்கு ஒரு எளிய வழி: விதைப்பைக்குப் பின்னால் விரலால் அழுத்தி முன்பக்கமாக வழித்துவிட்டால் குழாயின் வளைவில் நிற்கும் கடைசித் துளிகள் வெளியே வரும். தொழுகைக்கு வுழூ எடுத்தபின் உடுப்பு நனைகிறது என்று மனம் நோகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

மருந்துக்குப் போனால் முதலில் வருவது அல்பா தடுப்பான். டாம்சுலோசின் 0.4 மி.கி., அல்ஃபுசோசின் 10 மி.கி., சிலோடோசின் 8 மி.கி. ஆகியவை இந்த வகை. இவை சலப்பை வாயின் தசையைத் தளர்த்துகின்றன, சுரப்பியைச் சிறிதாக்குவதில்லை. சில நாளிலேயே மாற்றம் தெரியும்; நான்கு வாரத்தில் பலன் இருக்கிறதா என்று முடிவு சொல்லலாம். டாம்சுலோசினை ஒவ்வொரு நாளும் அதே வேளைச் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள், கப்சூலை மென்றோ உடைத்தோ விழுங்க வேண்டாம். முதல் நாட்களில் இரவில் எழும்பும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நில்லுங்கள். தலைசுற்றி விழுந்து இடுப்பு முறிந்தால் புரொஸ்டேட்டை விடப் பெரிய துன்பம் அது. பிரசோசின் போன்ற பழைய மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் கூடுதலாக இறக்கும். அவற்றைச் சில நாள் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே தொடங்காமல் வைத்தியரைக் கேளுங்கள். கண்புரை ஒப்பரேசன் திட்டம் இருந்தால் இந்த வகையைத் தொடங்குமுன்னரே கண் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். கருவிழித் திரை தளர்ந்துபோவதால் அவர்களுக்கு அது சிக்கல் தரும். முன்பு எடுத்து நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை பினாஸ்டரைட் 5 மி.கி., டுடாஸ்டரைட் 0.5 மி.கி. இவை சுரப்பியை மெல்லச் சுருக்கும். கால் பங்குவரை குறையலாம். முழுப் பலனுக்கு ஆறு மாதம் வேண்டும். "ரெண்டு மாசம் குடிச்சன், ஒண்டும் இல்லை" என்று நிறுத்துவது காசை நிலாவெளிக் கடலில் போடுவதற்குச் சமம். சுரப்பி 30, 40 மி.லீ.க்கு மேல் பெருத்தவர்களுக்குத்தான் இது உதவும், சிறிய சுரப்பிக்கு வீண். பெரிய சுரப்பியில் இரண்டு வகையும் சேர்த்துப் பல வருடம் எடுத்தால், முழு அடைப்பும் ஒப்பரேசனும் வரும் வாய்ப்பு நன்றாகக் குறையும். ஆசை குறைதல், விறைப்புக் குறைதல், மார்பு வீக்கம் சிலருக்கு வரும். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ உடைந்த குளிசையைத் தொடக்கூடாது. டுடாஸ்டரைட் நிறுத்தி ஆறு மாதம்வரை இரத்ததானம் செய்யக்கூடாது.

இந்தக் குளிசை ஆறு மாதம் தாண்டினால் பிஎஸ்ஏ எண்ணைப் பாதியாக்கிவிடும். 3 என்று வந்தால் உண்மையில் 6 என்றே கொள்ள வேண்டும். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் தொடங்கிய திகதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். இது எழுதப்படாததால் புற்றுநோய் தவறவிடப்படும் ஆபத்து உண்மையானது.

அடக்க முடியாமல் முட்டுவது மட்டும் மிஞ்சினால் சொலிஃபெனசின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். மிச்சச் சலம் 150 மி.லீ.க்கு மேல் என்றால் அவை அடைப்பைக் கொண்டுவரலாம். விறைப்புக் குறைவும் சேர்ந்திருந்தால் டாடலாஃபில் 5 மி.கி. தினமும் எடுப்பது ஒரு வழி. நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜிரிஎன் அல்லது ஐசோசோர்பைட் எடுப்பவருக்கு அது உயிராபத்து. நெருஞ்சில் கசாயம், சோ பால்மெட்டோ கப்சூல் போன்றவற்றை நம்பிக் கிளினிக்கைத் தள்ளிப்போட வேண்டாம். சோ பால்மெட்டோவை வெற்றுக் குளிசையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் வித்தியாசம் தெரியவில்லை.

6. ஒப்பரேசன் எப்போது கட்டாயம்

கதீட்டரைக் கழற்றியும் மறுபடி அடைப்பது, இந்த அடைப்பால் கிரியேட்டினின் ஏறுவது, சலப்பையில் கல், திரும்பத் திரும்பக் கிருமி, நிற்காத இரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் குளிசையில் காலம் கடத்தக்கூடாது. இவை இல்லாமல் மருந்து போதவில்லை, அல்லது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் ஒப்பரேசன் நியாயமான தெரிவுதான்.

தள்ளிப்போடுவதில் ஒரு எல்லை இருக்கிறது. அடைப்புக்கு எதிராக வருடக்கணக்கில் தள்ளித் தள்ளிச் சலப்பைத் தசை தளர்ந்துபோனால், பிறகு வழியை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் தள்ள ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஒப்பரேசனுக்குப் பிறகும் குழாயோடே இருக்க நேரிடுகிறது. மிச்சச் சலம் ஒவ்வொரு ஸ்கானிலும் ஏறிக்கொண்டு போய் 300 மி.லீ.யைத் தாண்டினால், குளிசையால் இலேசாக இருக்கிறது என்ற உணர்வை நம்பாமல் வைத்தியரிடம் ஒப்பரேசன் பற்றி நேரடியாகக் கேளுங்கள்.

7. எந்த ஒப்பரேசன்

அதிகம் செய்யப்படுவது டியூஆர்பி. வயிற்றில் கீறல் இல்லை. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்து, சலக்குழாய் வழியாகக் கருவியை விட்டுச் சுரப்பியின் உட்பகுதியைச் சுரண்டி எடுப்பார்கள். ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். அதன்பின் இரண்டு மூன்று நாள் கதீட்டர் வழியாகத் தண்ணீர் ஓட்டிக் கழுவுவார்கள். 30 முதல் 80 மி.லீ. வரையான சுரப்பிக்கு இது பொருந்தும். சுரண்டும் கருவியின் மின்சார வகை "மொனோபோலரா, பைபோலரா?" என்று கேட்கலாம். பைபோலரில் சேலைன் பாவிப்பதால், கழுவும் திரவம் உடம்புக்குள் போய் சோடியம் இறங்கும் ஆபத்து இல்லை.

30 மி.லீ.க்குக் குறைந்த சுரப்பிக்குச் சுரண்டாமல் கீறிவிடுவதே போதுமாகலாம். 80க்கு மேல் என்றால் வயிற்றைத் திறந்து எடுப்பது, அல்லது ஹோல்மியம் லேசரால் முழுதாகத் தோண்டி எடுப்பது. லேசர் என்ற பெயரில் எல்லாம் ஒன்று அல்ல. ஆவியாக்கும் லேசரில் திசு எதுவும் மிஞ்சாததால் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. நீராவி செலுத்துவது, கவ்வி போட்டு விரிப்பது போன்ற புதிய முறைகள் விந்து வெளியேறுவதைப் பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் பின்னர் மறுபடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்புக் கூட.

மனைவியோடு சேர்ந்து கேட்டுத் தெளிய வேண்டியது இது: டியூஆர்பிக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சலப்பைக்குள் போகும். ஆசையும் இன்ப உணர்வும் இருக்கும். விறைப்பு பெரும்பாலும் முன்பிருந்தபடியே இருக்கும். பிள்ளை பெறும் எண்ணம் இன்னும் இருப்பவர் இதைக் கையொப்பம் வைக்குமுன் சொல்ல வேண்டும்.

8. செலவுக் கணக்கு

அரச வைத்தியசாலையில் ஒப்பரேசனுக்குக் கட்டணம் இல்லை. காசு போவது போக்குவரத்து, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, கையிருப்பில் இல்லாத மருந்து, வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை ஆகியவற்றில். இங்கே கொடுக்கும் பெரிய விலை காசு அல்ல, காத்திருப்புத்தான். திகதி தரும்போதே, இடையில் அடைத்தால் எங்கே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாரில் செய்வதானால் "மொத்தம் எவ்வளவு" என்ற வாய்ச்சொல் போதாது. சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், அறை நாள் ஒன்றுக்கு, கழுவும் திரவம், திசுப் பரிசோதனை, ஒரு நாள் கூடினால் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். திசுப் பரிசோதனையும் கூடுதல் நாளும்தான் வழமையாக விடுபடுபவை. மருந்துப் பக்கமும் இதேபோல் கணக்குப் பாருங்கள். ஒரு குளிசை விலையை 365 ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். விலை வெவ்வேறு கம்பனிக்கு வெகுவாக மாறும் என்பதால், மருந்தின் பொதுப் பெயரைச் சொல்லி ஒசுசலவிலும் விசாரியுங்கள்.

அக்ரஹார காப்புறுதி உள்ள அரச ஊழியரும் ஓய்வூதியரும் மூலப் பற்றுச்சீட்டையும் டயக்னோசிஸ் கார்டையும் பத்திரப்படுத்த வேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் உதவி கிடைக்குமா என்பதை ஒப்பரேசனுக்கு முன்பே பிரதேச செயலகத்தில் கேளுங்கள், பிறகு கேட்டால் பிந்திவிடும்.

9. ஒப்பரேசனுக்கு முன்னும் பின்னும்

சலத்தில் கிருமி இருந்தால் மாற்றிய பிறகே தியேட்டர். அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர்கள் அதை நிபுணரிடம் திகதி குறிக்கும் நாளிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிலவற்றை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்துவார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரக்கூடும். ஆண்கள் வாட்டில் இரவில் கூட நிற்க ஓர் ஆண் உறவினரை முன்கூட்டியே ஒழுங்குபடுத்துங்கள்.

கதீட்டரைக் கழற்றிய அன்றே பஸ் ஏறாதீர்கள். குறைந்தது இரண்டு தடவை தானாகக் கழித்து, மிச்சம் பார்த்த பிறகே புறப்படுங்கள். கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 260 கி.மீ., ஹபரணைக் காட்டுக்குள் அடைத்தால் உதவி தூரம்.

வீட்டில் நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்குவது, மோட்டார் சைக்கிள், சைக்கிள், உடலுறவு வேண்டாம். மலம் முக்கினால் இரத்தம் வரும் என்பதால் பப்பாளி, கீரை, தண்ணீர் கூட எடுங்கள், தேவைப்பட்டால் மலமிளக்கி கேளுங்கள். பத்தாவது நாளை அண்டிச் சலம் திரும்பவும் சிவப்பது வழமை, காய்ந்த பொருக்கு உதிர்வதால் அது வருகிறது. தண்ணீர் குடித்து ஓய்ந்தால் தெளியும். இரத்தக் கட்டி வந்தால் அல்லது அடைத்தால் டயக்னோசிஸ் கார்டோடு பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். எரிவும் அடிக்கடி முட்டுவதும் முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மெல்லத்தான் அடங்கும்.

சுரண்டி எடுத்த திசு ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கும். அறிக்கை வர வாரக்கணக்கில் எடுக்கும், யாரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். எங்கே, எந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று வாட்டை விட்டுப் புறப்படும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அதில் எதிர்பாராமல் புற்றுநோய் தெரிவது உண்டு. ஆரம்பத்திலேயே தெரிந்தால் செய்வதற்கு வழி நிறைய இருக்கிறது. மூன்று மாதம் கழித்து எடுக்கும் பிஎஸ்ஏ எண்ணையும் அந்த அறிக்கையோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.